எதிர்க்காற்றுக்கு எத்தனை பல்? – சைக்கிள் கேள்வி பதில்

நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குச் சாமான் தயார் செய்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து. நானும் அந்தப் பக்கத்து ஆள்தான் என்பது எப்படியோ தெரிந்துவிட்டது போல. சரி, இந்த முறை முழுக்க டெல்டாவே இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகிகள் நடந்த வழியில், திருச்சியிலிருந்து கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரண்யம் வரை பொங்கல் விடுமுறையில் மூன்று நாளில் சைக்கிளில் போகத் திட்டம். என்னிடம் அப்பா ஓட்டிய 22 அங்குலப் பழைய சைக்கிள் இருக்கிறது. நண்பர்கள் மூவரும் ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கியர் சைக்கிள் வாங்கலாம் என்கிறார்கள். அப்பா சைக்கிள் தாங்குமா?
– பள்ளி ஆசிரியர், மன்னார்குடி

பதில்: சைக்கிள் தாங்கும் சார். உங்கள் முட்டி தாங்க வேண்டும், அதற்குத்தான் வேலை இருக்கிறது.

அந்தச் சத்தியாகிரகிகள் ஏப்ரல் 13-ஆம் தேதி கிளம்பி 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சித்திரை வெயிலில், கிட்டத்தட்ட 240 கி.மீ., கால்நடையாக. நீங்கள் தை மாதத்தில் போகிறீர்கள், ஒரு நாளைக்கு எண்பது கி.மீ. என்று வைத்துக்கொண்டால் பழைய சைக்கிளுக்கே அது பெரிய தூரமில்லை. டெல்டாவில் ஏற்றம் என்று பார்த்தால் ரயில்வே மேம்பாலம் மட்டும்தான். அப்படியென்றால் கியர் எதற்கு என்று தோன்றும், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நமக்கு மலை இல்லையே தவிர காற்று இருக்கிறது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே அதே 18 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கிறது என்றால், காற்றில்லாத நாளில் இருப்பதைப் போல நான்கு மடங்கு காற்றுத் தடையை உடம்பு தள்ள வேண்டும். மலையாவது ஏறி முடித்தால் இறக்கம் தரும். எதிர்க்காற்று தஞ்சாவூரில் பிடித்தால் கும்பகோணம் வரை விடாது.

தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். உங்கள் வழியில் திருச்சியிலிருந்து கும்பகோணம் வரை அது ஏறக்குறைய நேர் முகத்தில் அடிக்கும். கும்பகோணத்தில் தெற்கே திரும்பி வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி என்று இறங்கும்போது முதுகைத் தள்ளும், அன்றைக்கு நீங்கள் பெரிய வீரர் மாதிரி உணர்வீர்கள். மன்னார்குடி தாண்டித் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் போகையில் இடது பக்கத்திலிருந்து அடிக்கும். ஆக முதல் நாள்தான் கஷ்டம், அன்றைக்கு தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதையே ஆடியில் போனால் மேல்காற்று திருச்சியிலிருந்து கடற்கரை வரை தள்ளிக்கொண்டே வரும், ஆனால் அதற்காகப் பொங்கல் லீவைத் தள்ளிவைக்க முடியுமா!

இப்போது சைக்கிளுக்கு வருவோம். பழைய சைக்கிளில் பின்னால் பெரும்பாலும் 18 பல் ஃப்ரீவீல்தான், அதாவது செயின் மாட்டும் பின் பல்சக்கரம்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 20 அல்லது 22 பல் கேட்டுப் பாருங்கள். 22 கிடைத்தால் மிதிக்கிற பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. காற்று முதுகில் இருக்கும்போது கொஞ்சம் வேகம் குறைவாகத்தான் போகும், போகட்டும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் எனக்குப் பயம். பழைய சைக்கிளின் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்கவே பிடிக்காது, தை மாதக் காலைப் பனியில் நனைவதே போதும். கட்டையைப் புதிதாகப் போடுங்கள், காலையில் கிளம்பியதும் லேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள், பேருந்துக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

அடுத்தது சீட் உயரம். நம் ஊரில் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்போம். கடைக்குப் போய் வர அது சரி. எண்பது கி.மீ. போனால் முட்டியில் வலி நிச்சயம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள், செருப்பு போட்ட குதிகாலைக் கீழே போன பெடலில் வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். அதுதான் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம் இல்லையா, அப்போது முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கும். பழக ஒரு வாரம் ஆகும், நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கவும் பழக வேண்டும்.

ஓவராயில் வேலையைக் கிளம்புவதற்கு முந்தின நாள் கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் முன்னால் கொடுங்கள், பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, அப்புறம் நீங்கள் ஒரு நூறு கி.மீ. ஓட்டிப் பாருங்கள். அச்சில் பால்ரஸைப் பிடித்து நிற்கிற கோனை அதிகமாக இறுக்கிவிட்டார்களா, சக்கரக் கம்பி தளர்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும், திரும்பக் கொண்டுபோய்ச் சரிசெய்ய நாளும் இருக்கும்.

உங்கள் நண்பர்கள் வாங்கட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் கடையில் முதலில் டயர் அகலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், 32 முதல் 38 மி.மீ. வரை நம் சாலைக்குப் பொருத்தம். முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் வேண்டாம், அது எடை, நம் தார்ச் சாலையில் அதற்கு வேலையில்லை. மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளை இருக்கிறதா, பின்னால் பெரிய பல்சக்கரம் 32 பல்லாவது இருக்கிறதா என்று பாருங்கள். இது நான்கும் இருந்தால் மிச்சப் பணத்துக்கு வாங்குவது பெயிண்ட்தான். நால்வரும் வரப்பில் போகிற வாத்து மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளலாம். அப்பா சைக்கிளை எப்போதும் நடுவில் விடுங்கள்.

கடைசியாக ஒன்று, சம்பா அறுவடை நேரம் அது. அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறிய இடத்தில் சாலையில் சேறு கிடக்கும், வைக்கோல் கிடக்கும், சில ஊர்களில் பாதிச் சாலையில் நெல் காயும். நெல்மேல் ஏற்றாதீர்கள். சறுக்கும், அதைவிட, காயப்போட்டவர் விடமாட்டார். வைக்கோல் கியர் சைக்கிளின் பின்பல்லில் சுற்றிக்கொள்ளும், சத்தம் கேட்டதும் நிறுத்தி எடுத்துவிடுங்கள், மிதித்துத் தள்ளினால் கியர் மாற்றி வளையும். ஆற்றங்கரைக் குறுக்குப் பாதை அழகாக இருக்கிறதே என்று மழை பெய்த மறுநாள் இறங்காதீர்கள். நான் ஒருமுறை வெண்ணாற்றுக் கரையில் இறங்கினேன். வண்டல் களிமண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, அரை கி.மீ.க்குள் சக்கரம் சுற்றவே இல்லை. தென்னை மட்டையால் சுரண்டுவதும் பத்தடி தள்ளுவதுமாகக் கொஞ்ச தூரம், அப்புறம் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு கி.மீ. நடந்தேன். எதிரே மாடு ஓட்டி வந்த பெரியவர், “தம்பி, அது உன்னத் தூக்கணும்” என்றார். அதிலிருந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

கேள்வி: அண்ணா, திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போய்த் திரும்புவதற்குள் மூன்று பஞ்சர். 28 மி.மீ. டயர். டியூப்லெஸ் மாற்றிவிடலாமா?
– கல்லூரி மாணவர், திருத்துறைப்பூண்டி

பதில்: மூன்றும் ஒரே மாதிரி பஞ்சரா தம்பி? அதைச் சொல்லவில்லையே நீ. டியூப்பைக் கழற்றியதும் தூக்கி எறியாமல் ஓட்டையைப் படிக்கக் கற்றுக்கொள். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள். அந்தப் பக்கம் சீமைக் கருவேலம் எவ்வளவு என்று உனக்கே தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால் அது முள்ளே இல்லை, காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியதால் டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியது. ரிம் பக்கம், அதாவது உள்பக்கம் ஓட்டை இருந்தால் ரிம்முக்குள் ஒட்டியிருக்கும் டேப் நகர்ந்து சக்கரக் கம்பியின் (போக்ஸ்) தலை குத்துகிறது. மூன்றுக்கும் மூன்று வைத்தியம், டியூப்லெஸ் முதல் இரண்டுக்கு மட்டும்தான் உதவும்.

முள் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பஞ்சருக்கும் அனேகமாக ஒரே முள்தான் காரணமாக இருக்கும். டியூப்பை ஒட்டுகிறோம், டயருக்குள் ஒடிந்து நிற்கிற முனையை எடுப்பதில்லை. டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுதியிருக்கிற இடம் வால்வுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டு. அப்படிச் செய்தால் டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரமோ, டயரிலும் முள் அதே தூரத்தில் இருக்கும், நேராக அங்கேயே தேடலாம். உள்பக்கம் விரலை விட்டுத் தேடாதே, கிழிக்கும். பஞ்சை உருட்டித் தடவு, முள் இருக்கிற இடத்தில் இழை மாட்டிக்கொள்ளும்.

டியூப்லெஸ் மோசமில்லை, ஆனால் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றுகிற பால் போன்ற திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும், உன் ரிம் அதற்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். நீ மாணவன். அந்தப் பணத்துக்கு, உன் ஃபோர்க்கில் இடமிருந்தால், 32 மி.மீ.யில் அடிப்பட்டை கனமான டயர் இரண்டு வாங்கு, பின் சக்கரத்துக்கு மட்டும் உள்ளே முள் தடுப்புப் பட்டை போடு. காற்று, உன் எடை 70 கிலோ என்றால் பின்னால் 60, 65 பி.எஸ்.ஐ., முன்னால் பத்து குறைவாக. டயர் பக்கத்தில் எழுதியிருக்கிற எண் உச்ச அளவு, அவ்வளவு அடித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இன்னொன்று, உன் டியூப்பில் ஒல்லி வால்வு இருக்கும். பெட்ரோல் பங்க் குழாய் அதில் பிடிக்காது, ஒரு சின்னப் பித்தளை அடாப்டரை வால்விலேயே மாட்டி வைத்துக்கொள். சாலையோரக் கடையில் 28 அங்குல டியூப்பும் வால் டியூப்பும் கிடைக்கும், உன் அளவு கிடைக்காது. அதனால் டியூப் இரண்டு, டயர் லிவர் இரண்டு, கைப்பம்பு, ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள். சொல்யூஷன் ட்யூபை ஒருமுறை திறந்தால் சில மாதத்தில் காய்ந்துவிடும், பையில் இருக்கிறதே என்று நம்பிப் போகாதே. ஓட்டை தெரியவில்லை என்றால் தண்ணீர் வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை, வாய்க்காலில் முறைத் தண்ணீர் வராத நாளில்கூட ஏதாவது ஒரு குட்டையில் இடுப்பளவு நிற்கும்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து பூம்புகார் போய் வர ஆசை. ஆனால் முப்பது கி.மீ. தாண்டினாலே உட்கார முடியவில்லை, தொடையும் உராய்ந்து எரிகிறது. ஜெல் கவர் போட்டும் பயனில்லை. பஞ்சு வைத்த சைக்கிள் டவுசர் போட்டுக்கொண்டு தெருவில் போகக் கூச்சமாக இருக்கிறது.
– வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: ஜெல் கவரை முதலில் கழற்றி வீட்டு நாற்காலிக்குப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு மெத்தென்று இருக்கும், அப்புறம் உட்காரும் எலும்பு அதில் புதைந்து, பாரம் முழுக்க நடுவிலுள்ள மென்மையான சதைக்கு வந்துவிடும். சீட் கொஞ்சம் கெட்டியாக, உங்கள் உட்காரும் எலும்பு இரண்டும் மேலே பதிகிற அகலத்தில் இருக்க வேண்டும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பெரும்பாலும் கொஞ்சம் அதிகம், ஆனால் சைக்கிளோடு வருகிற சீட்டு உங்களை நினைத்துச் செய்ததில்லை. அளக்க ஒரு வழி: படிக்கட்டில் ஒரு தடிமனான அட்டையைப் போட்டு அதன்மேல் நன்றாகக் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, இரண்டு மூன்று செ.மீ. கூட்டி அந்த அகலத்தில் கேளுங்கள். நடுவில் பள்ளம் வெட்டிய சீட் பலருக்கு உதவுகிறது. மூக்கு மேலே தூக்கியிருக்கக் கூடாது, மட்டமாக இருக்கட்டும், வேண்டுமானால் ஒரு நூல் கீழே.

டவுசர் விஷயம்: அதை உள்ளாடையாக நினைத்துக்கொள்ளுங்கள், மேலே தளர்ந்த பேண்ட்டோ லெக்கிங்ஸோ போட்டுக்கொண்டால் தெருவுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, நிறையப் பேர் செய்கிற தப்பு இது. அதன் தையல்தான் உராய்ந்து புண்ணாக்குகிறது. தொடையில் கிளம்பும்போதே வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிவிடுங்கள், எரிந்த பிறகு தடவிப் பயனில்லை. சுடிதார் பேண்ட் என்றால் வலது கால் பக்கம் ஒரு ரப்பர் பேண்ட் அவசியம், துப்பட்டா வீட்டிலேயே இருக்கட்டும். பூம்புகார் போய்த் திரும்ப 120 கி.மீ.க்கு மேல் வரும், முதல் முறை போவதை மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– விவசாயி, திருக்காட்டுப்பள்ளி

பதில்: மேலே சொன்ன இடத்துக்கு நல்லது, செயினுக்கு ஆகாது. நாளானால் பிசினாகி, சாலைத் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம், அதில் ஏற்கெனவே இரும்புத் தூள் இருக்கிறது. சைக்கிள் செயின் ஆயில் அல்லது தையல் மிஷின் ஆயில், கண்ணிக்கு ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே துடைத்துவிடுங்கள். தையல் மிஷின் ஆயில் சீக்கிரம் போய்விடும், மழையில் ஓட்டினால் அன்று மாலையே மறுபடி விட வேண்டும். செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஒரு பின்னை ஸ்கேலின் பூஜ்ஜியத்தில் வைத்தால், அதை விட்டுவிட்டு எண்ணும்போது 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும், அது எட்டில் ஒரு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினோடு பல்சக்கரமும் போயிற்று என்று அர்த்தம்.

கேள்வி: முதன்முறையாக 200 கி.மீ. பி.ஆர்.எம். ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன். காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். என்னென்ன எடுத்துப் போவது?
– மருந்துக் கடை வைத்திருப்பவர், பாபநாசம்

பதில்: பி.ஆர்.எம். என்பது வழியிலுள்ள சோதனை நிலையங்களில் முத்திரை வாங்கிக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். பார்த்தால் நிறைய. நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் பத்து மணி நேரம், மிச்சம் மூன்றரை. அதில்தான் எல்லாம், சாப்பாடு, பஞ்சர், அட்டையில் முத்திரை வாங்குவது, டிகிரி காபி. ஒவ்வொரு நிறுத்தமும் ஐந்து நிமிடம் என்று நினைத்து இறங்குவோம், இருபது ஆகும். இது பந்தயம் இல்லை, ஆனால் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, சோதனை நிலையம் தவிர வேறெங்கும் மச்சான் பைக்கில் தண்ணீர் கொண்டுவந்து தர முடியாது.

முடிவு நேரம் மாலை 7:30. மார்கழி, தை என்றால் ஆறு, ஆறரைக்கே இருட்டிவிடும், விளக்கு இல்லாமல் முடியாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒளி திருப்பும் மேலங்கி, ஹெல்மெட். விளக்குப் பெட்டியில் எழுதியிருக்கும் வெளிச்சம் உச்ச நிலையில், எழுதியிருக்கும் மணிக்கணக்கு மங்கிய நிலையில். இரண்டும் சேர்ந்து வராது. ஒரு நாள் மாலை வீட்டில் நடு நிலையில் எரியவிட்டு எவ்வளவு நேரம் வருகிறது என்று பாருங்கள். நம் சாலைகளில் தெருவிளக்கு இல்லாத வளைவில் ஒரு பக்கம் வாய்க்கால், தடுப்புச் சுவர் கிடையாது, அதனால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல், சாலை ஓரத்தைக் காட்டுகிற மாதிரி விளக்கைத் தாழ்த்தி வையுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், பாட்டில் இரண்டு. இளநீர் குடியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், வேர்வையில் நாம் இழக்கிற சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோர் அதைவிட மேல். ஓ.ஆர்.எஸ். உங்கள் கடையிலேயே இருக்கும், ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பசிப்பதற்கு முன்னால் மணிக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும். மதியம் வாழை இலைச் சாப்பாட்டைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுங்கள், தயிர்சாதம் போதும். புது ஷூ, புது சீட், புது டவுசர் எதையும் அன்றைக்கு முதன்முறை போடாதீர்கள்.

கேள்வி: கொடியக்கரை வரை போய் வந்தேன், மான் பார்த்தேன், பூநாரை பார்த்தேன், சந்தோஷம். இரண்டே வாரத்தில் செயினில் துரு, சீட் கம்பி அசையவே மாட்டேன் என்கிறது.
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகப்பட்டினம்

பதில்: உப்பளக் காற்று அய்யா. நாகையில் இருக்கிற உங்களுக்கு வீட்டில் நிறுத்தினாலும் அதே காற்றுதான், பயணத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. போய் வந்த அன்றே நல்ல தண்ணீரை வாளியில் எடுத்து ஊற்றிக் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் குழாயால் அச்சுப் பக்கம் அடித்தால் கிரீஸ் வெளியேறி உப்பு உள்ளே போகும். துணியால் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்து, அப்புறம் செயினுக்கு எண்ணெய்.

சீட் கம்பி அலுமினியமும் சட்டம் இரும்பும் என்றால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப் பூத்து இரண்டும் ஒட்டிப்போகும். சுத்தியலால் அடிக்காதீர்கள். கம்பி இறங்குகிற இடத்தில் துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி வையுங்கள், மறுநாள் சீட்டைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகிப் பாருங்கள், வராவிட்டால் மறுபடி விடுங்கள், இரண்டு மூன்று நாள் ஆகலாம். வந்ததும் துடைத்துக் கிரீஸ் தடவி மாட்டுங்கள், கடலோரத்தில் இருப்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். திருகுவதற்கு முன் கம்பியில் இப்போதுள்ள உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மன்னார்குடி ஆசிரியரோடு சேர்ந்து நீங்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.